மாட்டுப்பாறையில் உளி

"உன்னை யாருடா உளி எடுக்கச் சொன்னது?"

"நீதாங்க்கா சொன்ன, நீயே வந்து..."

"கொத்துன்னா சொன்னன்? வாயத் தொறந்து கொத்துன்னு ஒரு வார்த்த சொன்னனா?"

"தெளிவாத் தெரியணும்னு சொன்னியா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல..."

"தெரியணும்னா கொத்திருவியா? நாளைக்கு எனக்குக் கண்ணு தெரியலன்னா அதையும் கொத்துவியா?"

"இப்படிப் பேசுனா நான் ஒண்ணும் பேசல போ."

"பேசாத. பேசறதுக்கு என்ன மிச்சம் வச்சிருக்க?"

பாலக்கோட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்து, தர்மபுரியில் ஒன்று, பென்னாகரத்தில் ஒன்று என்று மாறி வந்து இறங்கிய ராணியம்மாள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. கையிலிருந்த ஒயர் கூடையோடு நேராகப் பாறைக்கு ஏறினாள். பதினோரு மணிக்குத் தொல்லியல் துறை மேடம் வருகிறார். அதற்குள் பாறைமேல் கிடக்கும் சருகையும் ஆட்டுப் புழுக்கையையும் தள்ளிவிடலாம் என்று நினைத்து ஏறினவள். ஏறிப் பார்த்தால், தம்பி சென்றாயன் அவளுக்கு முன்னாலேயே வந்து, வேலையெல்லாம் முடித்து, உளிகளைச் சாக்கில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல்யாண வீட்டில் பந்தல் போட்டு முடித்தவன் மாதிரி முகத்தில் ஒரு நிறைவு வேறு.

எருமைப்பள்ளத்துக்காரர்களுக்கு அது மாட்டுப்பாறை. நெல் காயப்போடும் களம் அளவுக்குச் சரிந்து கிடக்கும் கரும்பாறையில் பதினோரு மாடுகள். நீளக் கொம்பு, முதுகில் திமில். நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள். யார் செதுக்கியது, எந்தக் காலத்தில் செதுக்கியது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பாறை என்ன கறுப்போ கோடும் அதே கறுப்பு. காலை வெயில் சாய்ந்து விழுகிற கொஞ்ச நேரம்தான் கண்ணுக்குப் பிடிபடும். மற்ற நேரத்தில் சீம்பால் ஊற்றினால்தான் உண்டு. ஊரில் எந்த மாடு கன்று போட்டாலும் முதல் கறவையில் ஒரு சொம்பு இந்தப் பாறைக்கு. மேலே நின்று ஊற்றினால் பால் வழிந்து வந்து கோட்டுக்குள் தங்கும். ஒவ்வொரு மாடாக வெள்ளையாக எழுந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் காய்ந்து மறுபடி பாறைக்குள் போய்விடும்.

இப்போது பால் வேண்டியதில்லை. பதினோரு மாடும் அந்த ஆளும் அரிசிமாவில் போட்ட கோலம் மாதிரி பளீரென்று தெரிந்தார்கள். கொம்பு நுனியில்கூட உளி இறங்கியிருந்தது. பள்ளங்களில் கல்பொடி இன்னும் பறக்காமல் கிடந்தது.

"எத்தன நாளா பண்ண இத?"

"மூணு நாளு. சனிக்கிழம ஆரம்பிச்சன். தலைக்கு ஊத்திக்கிட்டு, சூடம் ஏத்தி, காலைல ஒண்ணும் சாப்புடாம ஏறுவன். ஒரு மாட்டுக்கு ஒரு மணி நேரம். அந்த ஆளுக்கு மட்டும் அர நாளு ஆச்சு, கை விரலு சின்னது. சிதறாம கொத்துனன்க்கா. நீயே பாரு, ஒரு எடத்துல கோடு தாண்டியிருக்குதா?"

"அய்யோ, பெரும வேற!"

"பின்ன? கூலி கேட்டனா உங்கிட்ட?"

அவன் கேட்டிருக்க மாட்டான். அது ராணியம்மாளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. கெட்டது செய்தவனைத் திட்டித் தீர்த்துவிடலாம். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு பட்டினி கிடந்து கெடுத்தவனை என்னவென்று திட்டுவது?

பாறைக்குக் கீழே கூப்பிடு தூரத்தில் அவளுடைய வீடும் கிணறும் ஒன்றரை ஏக்கர் கேழ்வரகுக் காடும் இருந்தன. குன்றின் பின்பக்கம் மாதவராஜின் கல்குவாரி வந்து ஒரு வருஷம் ஆகிறது. முதலில் சுவரில் விரிசல் விட்டது. அப்புறம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி ஆனது. ஆடி மாதம் ஒரு மத்தியானம் வெடியில் பறந்து வந்த கல் கூரை ஓட்டைப் பிளந்துகொண்டு கட்டிலில் விழுந்தது. அன்றைக்கு அவள் கட்டிலில் இல்லை, அவ்வளவுதான் விசேஷம். கல்லைத் தூக்கிக்கொண்டு போய்த் தாலுகா ஆபீஸ் மேசையில் வைத்தாள். "எடுத்துட்டுப் போம்மா, மேசை ஒடஞ்சிரும்" என்றார்கள்.

இப்போது மாதவராஜ் குன்றின் முன்பக்கத்துக்கும் மனுப் போட்டிருந்தான். மாட்டுப்பாறையும் அதில் சேர்த்தி. கொடுத்துவிட்டால் வெடி அவள் வாசலில்.

பென்னாகரத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கும் சாயிராதான் வழி சொன்னாள். "பெரியம்மா, வூடு, கெணறுன்னு எழுதுனா யாரும் படிக்கறதில்ல. உங்க பாறையில பழைய காலத்து மாடு இருக்குதுன்னு சொன்னீங்களே, அத எழுதலாம். பழசுன்னு ஆபீசர் எழுதிட்டா அதச் சுத்தி வெடி வெக்க முடியாது." அவளே ஸ்கூட்டியில் வந்து போனில் படம் எடுத்து, மூவாயிரம் வருஷப் பழசு என்று மனு எழுதி அனுப்பினாள். போன திங்கட்கிழமை பதில் வந்தது. சாயிரா போன் செய்து வாசித்தாள்: "புகைப்படங்களில் உருவங்கள் தெளிவாக இல்லை. நேரில் ஆய்வு செய்யப்படும்."

தெளிவாக இல்லை. அந்த ஒரு சொல்லைத்தான் ராணியம்மாள் தம்பியிடம் கொண்டுபோய்ச் சொன்னாள். "தெளிவா இல்லியாம்டா. வர்றவங்க கண்ணுக்கு நல்லாத் தெரியணும். இந்த வருஷம் பாத்து ஊருல ஒரு மாடும் கன்னு போடல, பாலுக்கு எங்க போறது? எதாச்சும் பண்ணணும்." சொல்லிவிட்டு, தக்காளி பறிப்புக்கு ஆள் இல்லை என்று அழுத மகள் பூவிழிக்கு ஒத்தாசையாகப் பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

சென்றாயனுக்குக் கல்தான் பிழைப்பு. மாதவராஜின் குவாரியிலிருந்து கல் எடுத்து, ரோட்டோரம் கொட்டகை போட்டு, வேலிக்கால், அம்மி, ஆட்டுக்கல் அடித்து விற்கிறான். அம்மி வழுவழுத்துப் போனால் என்ன செய்வது? கொத்தி விடுவது. கல்யாணம் வைத்தால் முதலில் அம்மியைக் கொத்தி விடுவது. தேய்ந்த கல்லைப் பார்த்துவிட்டுச் சும்மா போவது அவன் கைக்குப் பழக்கம் இல்லை. தெளிவாக இல்லை என்று சொன்னதும் அவனுக்கு வேறு யோசனையே வரவில்லை.

"தேஞ்சி போனதக் கொத்தி விட்டன். இதுல என்னாக்கா தப்பு?"

"அந்த மேடம் போன் பண்ணிச் சொன்னாங்கடா. சுண்ணாம்பு தடவாதீங்க, சாக்பீசு போடாதீங்க, தண்ணி ஊத்தித் தேய்க்காதீங்க, இருக்கறது இருக்கறபடியே இருக்கட்டும்னு. கோட்டுக்குள்ள இருக்கற கறுப்புதான் அதோட வயசாம். நீ அந்தக் கறுப்பத்தான்டா செதுக்கித் தூத்திட்ட!"

சென்றாயன் முதல் முறையாகப் பாறையைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"எப்பச் சொன்னாங்க?"

ராணியம்மாள் கூடையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினாள்.

"உன்னத்தான்க்கா. அந்த மேடம் எப்ப போன் பண்ணாங்க?"

"வெள்ளிக்கெழம."

"நான் சனிக்கெழமதான ஆரம்பிச்சன்."

அவளுக்குத் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று போன் பேசியது நினைவுக்கு வந்தது. சென்றாயனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லலாமா என்று தோன்றியதும், அவன் என்ன பண்ணப் போகிறான் என்று விட்டதும், பெட்டி தூக்கப் போனதும் எல்லாம் நினைவுக்கு வந்தது. தப்பில் பாதி தன் மடியில் விழுந்ததும் அவளுடைய கோபம் குறைந்திருக்க வேண்டும். இரட்டிப்பானது.

"ஆமாண்டா, நான் சொல்லல! என் தலையிலயும் ஒரு கொத்து கொத்து, வா!"

அந்தச் சத்தத்துக்குக் கீழேயிருந்து சென்றாயனின் மனைவி சசிகலா ஏறி வந்தாள். கையில் டீத் தூக்கு.

"ரோடு வரைக்கும் கேக்குது அண்ணி. மூணு நாளா மனுசன் கை காச்சிப் போயி வந்து படுக்கறாரு. வந்ததும் வராததுமா ஒரு டீய குடின்னு சொல்றதில்ல, உளியத் தூக்கிக்கிட்டு அவரு கிட்ட சண்டைக்கி நிக்கறீங்க."

"உளிய நான் தூக்கலம்மா. உன் புருசன்தான் தூக்கிட்டான்."

"என்னாதான் ஆச்சி இப்ப?"

சென்றாயன் சொன்னான். சசிகலா பாறையைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். "பழசா இருந்தாத்தான் மதிப்பா? அப்பப் பழசாக்கிரு. அதுக்கென்ன?"

சென்றாயனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "அக்கா, அது நம்ம கையில இருக்குது. கரியும் வெளக்கெண்ணெயும் கொழச்சித் தேச்சி, மேல சாணித் தண்ணி ஊத்துனா ரெண்டு மணி நேரத்துல கறுத்துரும். போன வருசம் பெங்களூருக்காரங்களுக்கு அப்படித்தான் குடுத்தன், தாத்தா காலத்து அம்மின்னு. கார்ல வச்சி சந்தோசமா எடுத்துட்டுப் போனாங்க."

"வர்றவங்க பெங்களூருக்கு அம்மி வாங்க வர்ல. லென்சு வச்சிப் பாக்க வர்றாங்க."

"லென்சுல சாணி தெரியுமாக்கா?"

"எங்கிட்ட சிரிப்புக் காட்டாத சென்றாயா, கல்ல எடுத்து அடிச்சிருவன்."

ஆனால் ஒரு நிமிஷம் அவளும் யோசித்தாள். அடுப்பில் கரி இருந்தது. மாடத்தில் விளக்கெண்ணெய் இருந்தது. மணி ஒன்பதரைதான் ஆகியிருந்தது. உண்மையாகவே பழசான ஒன்றைப் பழசாகக் காட்ட எண்ணெய் பூச வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாள். "வேணாம்" என்றாள். "மேல மேல கை வெக்க வேணாம். வர்றவங்க கிட்ட உள்ளதச் சொல்லுவம்."

"என்னான்னு?" என்றாள் சசிகலா.

"இவன் கொத்துனான்னு."

"சொல்லிட்டு? போலீசு வந்து இவரக் கூட்டிட்டுப் போனா நீங்க வந்து கொட்டகையில அம்மி அடிப்பீங்களா?"

பதினோரு மணி என்று சொன்ன ஜீப் பத்தேகாலுக்கே வந்தது. அதன் பின்னாலேயே மாதவராஜின் வெள்ளை வண்டியும் வந்தது. அவனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. ஆபீசிலிருந்து ஒரு காகிதம் கிளம்பினால் அது அவனிடம்தான் முதலில் போய்ச் சேரும்.

மெஹ்ஜபீன் மேடத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தர்மபுரி ஊர்க்காரி, அப்பா அங்கே இரும்புக் கடை வைத்திருப்பதாக சாயிரா சொல்லியிருந்தாள். தலையில் முக்காடு, காலில் ஷூ, தோளில் பை. படபடவென்று ஏறி வந்தவர் பாறை விளிம்பில் நின்றார். அப்படியே நின்றார். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அல்லா" என்றார் வாய்க்குள். பிறகு சத்தமாக, "யாரு பண்ணது இது?"

சசிகலா டீத் தூக்கைக் கீழே வைத்தாள்.

"கேக்கறேன்ல? யாரு பண்ணது? போன்ல நான் எத்தன தடவ சொன்னேன் ராணியம்மா? தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லியா?"

மாதவராஜ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தான். ஒரு பார்வைதான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து ஒரு மாட்டின் முதுகில் விரலை வைத்துத் தேய்த்து, விரல் நுனியில் ஒட்டிய வெள்ளைப் பொடியை மேடத்திடம் நீட்டினான்.

"இதான் மேடம் மூவாயிரம் வருசம்? பவுடர் போட்ட மாதிரி இருக்குது. நான் மனுப் போட்டதும் இவங்க மாடு போட்டிருக்காங்க. நீங்க வர்றதுக்குள்ள பொடியயாச்சும் ஊதி விட்டிருக்கலாம்."

"சும்மா இருங்க சார்."

"இல்ல மேடம், எழுதறது எழுதுங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா புதுசுன்னு எழுதுங்க. ராணியக்கா, ஒரு மயிலு போட்டிருக்கக் கூடாதா? கலெக்டரு வந்து கும்புட்டுட்டுப் போயிருப்பாரு."

"மாதவராஜு, உன் கல்லு என் கட்டில்ல விழுந்தப்ப இந்த வாயக் காணோமே! அன்னைக்கி எங்க போயி மேஞ்சிட்டு இருந்துச்சி?"

"அது வேற விசயம்க்கா."

"எல்லாம் ஒரே விசயந்தான்டா!"

மேடம் அவர்களை விட்டுவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து லென்ஸை எடுத்து ஒவ்வொரு மாடாகக் கொம்பிலிருந்து வால் வரைக்கும் பார்த்துக்கொண்டே போனார். வெயில் ஏறியது. ராணியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் கோபம் போய் அழுகை வருவது மாதிரி ஏதோ வந்தது.

"எவ்வளவு ஆழத்துக்கு எறங்கியிருக்கு" என்றார் யாரிடமும் இல்லாமல். "ஒண்ணுகூட விடல. ஒண்ணாச்சும் விட்டிருக்கக் கூடாதா?"

"மேடம், ஒண்ணு கேக்கறன்." ராணியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். "தொடாதீங்கன்னு வெள்ளிக்கெழம போன்ல சொன்னீங்க. அதுக்கு முன்னாடி, திங்கக்கெழம வந்த லெட்டர்ல என்னா எழுதினீங்க?"

"என்ன எழுதினேன்?"

"தெளிவா இல்லன்னு எழுதினீங்க."

"போட்டோ தெளிவா இல்லன்னு எழுதினேன். அதுக்கு?"

"அதுக்கா? ரேசன் கார்டுல போட்டோ தெளிவா இல்லன்னா என்னா சொல்றீங்க? வேற எடுத்துட்டு வான்னு சொல்றீங்க. கைரேக தெளிவா விழலன்னா? வெரலத் தேச்சிக் கழுவிட்டு வான்னு சொல்றீங்க. பட்டாவுல பேரு தெளிவா இல்லன்னா மூணு வருசம் அலைய விடறீங்க. தெளிவா இல்லன்னு ஆபீசுல எழுதிட்டா, தெளிவா பண்ணிக் கொண்டாந்து நிறுத்தறவரைக்கும் நீங்க திரும்பிப் பாப்பீங்களா? எங்களுக்கு நீங்க பழக்குனது அதத்தான? பாறையில இருந்ததும் உங்களுக்குத் தெளிவா இல்ல. தெளிவாப் பண்ணி வச்சோம். இப்ப வந்து ஏன் பண்ணன்னு கேக்கறீங்க!"

மேடம் லென்ஸை மூடினார்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. அந்த லெட்டர்ல இன்னும் நாலு வரி சேத்து எழுதியிருக்கணும். எங்க தப்பும் இருக்கு."

"உங்க தப்புக்கு உங்க வூட்டு மேல கல்லு விழாது. எங்க தப்புக்கு விழும்."

மாதவராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மேடம், வெயில் ஏறுது. புதுசுன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது."

"எனக்கு அவசரமில்ல சார்" என்று சொன்ன மேடம் மறுபடி குனிந்தார். கடைசி மாட்டின் பின்னங்கால் பக்கம். அந்த இடத்தில் பாறை மடிந்து உள்ளே போகிறது. உளி பிடிக்கிற கை அங்கே நுழையாது. மேடம் தலையைச் சாய்த்து, போனில் விளக்கைப் போட்டு, வெகுநேரம் பார்த்தார்.

"இங்க வாங்கம்மா. இது தெரியுதா? குளம்பு. அதோட நுனி மட்டும். ரெண்டு விரல்கட அளவுக்கு."

ராணியம்மாள் பாறையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். வெள்ளைக் கோடு வந்து நின்ற இடத்துக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளம். பாறையின் கறுப்பே அதற்குள்ளும் இறங்கியிருந்தது.

"இது பழசு" என்றார் மேடம். "இத மட்டும் வச்சு நான் எழுதினா, எங்க மேலதிகாரி ஒத்துக்க மாட்டாரு. இயற்கையா விழுந்த குழின்னு இவரு சொல்லுவாரு."

"இப்பவே சொல்றன் மேடம்" என்றான் மாதவராஜ்.

"ஆனா உளி வச்ச ஆள் யாரோ, அவரே வந்து, ஏற்கனவே இருந்த கோட்டுமேலதான் நான் கொத்தினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, இந்தக் குளம்பையும் சேத்து வச்சு நான் அறிக்க எழுத முடியும். பழைய உருவங்கள், அறியாம சேதப்படுத்தப்பட்டிருக்கு, பாதுகாக்கணும்னு. அவரு வாக்குமூலம் இல்லாம நான் எழுதினா ஒரே வரிதான். புதிய கொத்தல்."

"எழுதிக் கொடுத்தா அந்த ஆளுக்கு என்னா ஆவும்?" என்று கேட்டது சசிகலா. கேட்ட பிறகுதான் கணவனைக் காட்டிக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்து உதட்டைக் கடித்தாள்.

மேடம் அவளையும், சாக்கில் சுருட்டிய உளிகளையும், சென்றாயனையும் பார்த்தார். "பொய் சொல்ல மாட்டேன்மா. பழங்காலச் சின்னத்தச் சேதப்படுத்தினதுக்குக் கேஸ் வரலாம். தெரியாமத்தான் பண்ணாருன்னு நானும் எழுதுவேன். வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

மாதவராஜ் சென்றாயன் பக்கத்தில் போய் நின்று, தோளில் கை போட்டான். குரல் வெல்லமாக இருந்தது.

"சென்றாயா, உன் கைவேலயா இது? நெனச்சன். இந்தத் தாலுகாவுல இப்படிக் கொத்த வேற யாரு இருக்கா? இதுல பயப்பட ஒண்ணுமில்ல. வெறும் பாறையில மாடு போட்டன்னு சொல்லு. அது குத்தமே இல்ல. பாறையில படம் போட்டா எவன் கேஸு போடுவான்? நீ பாட்டுக்குக் கொட்டகைக்குப் போயி உக்காரு. சாயங்காலம் நானே நல்ல கல்லா ஒரு லோடு அனுப்பறன்."

அனுப்பாமல் போனால் என்ன ஆகும் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. சுற்று வட்டாரத்தில் வேறு குவாரி கிடையாது.

"கைய எட்றா அவன் மேலேந்து!" என்று கத்தினாள் ராணியம்மாள்.

"எடுத்துட்டன்க்கா, எடுத்துட்டன். தம்பிய நீங்களே வச்சிக்கங்க. ஜெயிலுக்கு அனுப்பறதும் வூட்டுக்கு அனுப்பறதும் உங்க இஷ்டம்."

சசிகலா கணவனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க போலாம். நமக்கெதுக்கு இது? பாறை அரசாங்கத்துது, குவாரி அவங்களுது. நம்மளுது ரெண்டு கையும் நாலு உளியும்தான்."

"சசிகலா, என் வூடு கீழ இருக்குது" என்றாள் ராணியம்மாள்.

"என் வூடு இவரு மேல இருக்குது அண்ணி."

ராணியம்மாளுக்கு அந்த நிமிஷத்தில் எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதவராஜ் மேல். கையில் பேனாவோடு காத்திருக்கிற மேடத்தின் மேல். நியாயம் பேசுகிற சசிகலா மேல். குழந்தை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு கல்பொடியைக் கால் கட்டைவிரலால் கிளறுகிற தம்பி மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளிக்கிழமை மத்தியானம் போனை மடியில் செருகிக்கொண்டு தக்காளிப் பெட்டியைத் தூக்கின தன் மேல்.

"மேடம், பேப்பர் எடுங்க" என்றாள்.

"ராணியம்மா..."

"எடுங்கன்னா எடுங்க. நான் சொல்றன், எழுதிக்கங்க. எருமைப்பள்ளம் ராணியம்மாள் ஆகிய நான், என் தம்பி சென்றாயன் கிட்ட பாறை தெளிவாத் தெரியணும்னு சொன்னன். எதாச்சும் பண்ணுன்னு சொன்னன். தொடக் கூடாதுன்னு நீங்க எனக்குத்தான் சொன்னீங்க. அத நான் அவனுக்குச் சொல்லல. அவன் கேட்டது என் பேச்ச. கேஸுன்னு வந்தா மொதல் பேரு என் பேரு. எழுதியாச்சா?"

"எழுதறேன்."

"கைநாட்டு இல்ல, கையெழுத்தே போடுவன். குடுங்க."

பாறைமேல் காகிதத்தை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி எழுதினாள். காற்றில் தாள் படபடத்தது. மேடம் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். மாதவராஜ் சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

"இது போதுமா மேடம்?"

மேடம் தலையை அசைத்தார். "நீங்க சொன்னது நீங்க சொன்னதுக்கு மட்டும்தாம்மா ஆகும். பாறையில முன்னாடி என்ன இருந்ததுன்னு, உளி வச்சவரு வாயால வரணும். அவருதான் அதக் கடைசியா, கைக்கெட்டற தூரத்துல பாத்தவரு."

"நாங்கூடத்தான் பாத்தன். எத்தன சொம்பு சீம்பால் ஊத்தியிருக்கறன்!"

"நீங்க கீழ இருக்கற நெலத்துக்குச் சொந்தக்காரங்க. குவாரிக்கு எதிரா மனுப் போட்டவங்க. உங்க சொல்ல எடுத்துக்க மாட்டாங்க. அவருக்கு இதுல லாபமில்ல, நட்டம்தான். அதனாலதான் அவரு சொல்லுக்கு மதிப்பு."

"நட்டப்படறவன் சொன்னாத்தான் உண்மையா?" என்று சீறினாள் ராணியம்மாள். "நல்லா வச்சிருக்கீங்க ஆபீசு!"

மேடம் புதிய தாள் ஒன்றை எடுத்து, அட்டையில் செருகி, சென்றாயன் பக்கம் நீட்டினார். பேனாவின் மூடியையும் கழற்றி வைத்தார்.

சசிகலா சட்டை நுனியை விடவில்லை. மாதவராஜ் தன் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி நின்றான். சென்றாயன் தாளைப் பார்த்தான். பாறையைப் பார்த்தான். தான் கொத்தின கொம்புகளை, திமில்களை, கை தூக்கி நிற்கிற அந்த ஆளை, ஒரு மாடு விடாமல் பார்த்தான். காய்த்துப்போன உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்தான்.

ராணியம்மாள் அவனுக்கு நேராகப் போய் நின்றாள். காலையிலிருந்து கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதனால் சத்தம் தாழ்ந்துதான் வந்தது, கோபம் தாழவில்லை.

"சென்றாயா, தலைய நிமுத்து. இவன் தர்ற கல்லப் பாக்காத, இவ இழுக்கறதப் பாக்காத, நான் கத்தறதையும் பாக்காத. சனிக்கெழம காலைல, நீ சூடம் ஏத்திட்டு, மொதல் மாட்டு மேல உளிய வச்சியே, அப்ப அந்த உளி எதுக்கு மேல நின்னுச்சு, சொல்லுடா?"